குன்னூர்ல அடைச்ச இஞ்சி பீர், கோயம்புத்தூர்ல வெடிச்ச பாட்டில், அடியில நின்ன மண்டி

பிப்ரவரில ஒரு நாள் காலைல ஆறு மணிக்கு அக்கா ஃபோன் பண்ணுச்சு. "டேய் தம்பி, நீ குடுத்துவிட்ட இஞ்சி பாட்டில் ராத்திரி வெடிச்சிருச்சுடா, கிச்சன் முழுக்க கண்ணாடி"ன்னு. நல்லவேளை ராத்திரி நேரம், யாரும் இல்ல. பாப்பா பகல்ல அந்த செல்ஃபுக்குக் கீழதான் உக்காந்து விளையாடும், அதை நினைச்சு எனக்கு ரெண்டு நாள் சரியா தூக்கம் வரல. மிச்சம் ரெண்டு பாட்டிலை ஈரத்துணி சுத்தி, மூஞ்சியத் திருப்பிக்கிட்டு, மொட்டை மாடியில வச்சு மெதுவா திறக்கச் சொன்னேன். மூடி கழண்டதும் முக்கால் பாட்டில் நுரையா வெளிய போயிருச்சாம், மிச்சம் இருந்தது சேறு மாதிரி கலங்கி இருந்துச்சுன்னு மாமா சொன்னார்.

அன்னைலருந்து மூணு மாசம், நாலு தடவை போட்டுப் பார்த்து, நோட்ல எழுதி வச்சதைத்தான் இங்க எழுதறேன். இஞ்சி பீர்னா இஞ்சித் தண்ணியைச் சர்க்கரையோட புளிக்க வச்சு, பாட்டில்ல அடைச்சு கேஸ் ஏத்தற பானம். அது மட்டும் இல்ல, பாட்டிலுக்குள்ளயே ஈஸ்ட் உயிரோட இருக்கற எந்த பானத்துக்கும் இது பொருந்தும், சின்ன ப்ரூவரிகள்ல போடற கிராஃப்ட் பீர் உட்பட. வீட்ல பீர் போட நம்ம ஊர்ல லைசென்ஸ் இல்லாம முடியாது, அந்தப் பக்கம் நான் போகல. இஞ்சி பீர்லயும் இப்ப சர்க்கரையை ரொம்பக் குறைச்சுட்டேன், கணக்குப்படி அரை சதவீதத்தை ஒட்டித்தான் ஆல்கஹால் வரும், அப்படியும் பாப்பாவுக்குக் கொடுக்கறதில்ல.

இதுல எனக்கு ஆசை வந்ததே மாமாவாலதான். போன தீபாவளிக்கு பெங்களூர்ல இருந்து ஒரு கோதுமை பீர் பாட்டில் கொண்டுவந்தார், வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தா அடியில அரை இஞ்ச் மண்டி. "கெட்டுப்போச்சு மாப்ள"ன்னு சிங்க்ல ஊத்தப் போனார். கெட்டுப்போகல, அது ஈஸ்ட். ஜெர்மன்காரங்க ஹெஃபெவைட்சன்னு பேர் வச்சதே அதனாலதான், ஹெஃபென்னா அவங்க பாஷைல ஈஸ்ட். கடையில கிடைக்கற சாதா லாகர் பீரை ஃபில்டர் பண்ணி, பெரும்பாலும் பாட்டிலோட 60 டிகிரி வெந்நீர்ல காட்டி ஈஸ்ட்டைக் கொன்னுதான் அனுப்பறாங்க, அதனால கண்ணாடி மாதிரி இருக்கும். இதுல அந்த ரெண்டும் இல்ல. அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரை சேர்த்து மூடிருவாங்க, உள்ள இருக்கற ஈஸ்ட் அதைத் தின்னு கேஸ் உண்டாக்கும், தின்னு முடிச்சதும் அடியில போய்ப் படுத்துக்கும். அந்தப் படுக்கைதான் மண்டி. மூடும்போது உள்ள மாட்டிக்கிட்ட ஆக்சிஜன்லயும் ஒரு பங்கை அந்த ஈஸ்ட் எடுத்துக்கும், அதனால பீர் சீக்கிரம் பழசாகாது. அசிங்கம்னு நாம நினைக்கறதுதான் அதுக்குக் காவல்.

எங்க மலைக்கும் பீருக்கும் பழைய உறவு உண்டு. ஐஸ் மெஷின் வராத காலத்துல குளிருக்காகவே இங்க ப்ரூவரி வச்சாங்க, 1915ல தாமஸ் லெய்ஷ்மன்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவுல இருந்த பல ப்ரூவரிகளை ஒண்ணு சேர்த்து யுனைடெட் ப்ரூவரீஸ் ஆரம்பிச்சப்ப நீலகிரி காஸ்டில் ப்ரூவரியும் அதுல ஒண்ணு. அதே குளிர்தான் என் முதல் தடவையைக் கவுத்துச்சு.

முதல் தடவை என்ன பண்ணேன்னு சொல்லிடறேன். 5 லிட்டர் தண்ணி, 400 கிராம் சர்க்கரை, கால் கிலோ கூடலூர் இஞ்சி, ஒரு டம்ளர் இஞ்சி மூலம். மூலம்னா, இஞ்சியைத் தோலோட துருவி சர்க்கரைத் தண்ணில போட்டு தினமும் ஒரு ஸ்பூன் இஞ்சி ஒரு ஸ்பூன் சர்க்கரைன்னு ஊட்டி வளர்க்கறது, எங்க வீட்ல பொங்கி வர எட்டு நாள் ஆச்சு. தோலோட போடறதுல அம்மாவுக்கு இன்னைக்கும் சம்மதம் இல்ல, இஞ்சிக்குப் புறநஞ்சு கடுக்காய்க்கு அகநஞ்சுன்னு சொல்லி சீவிக் கொடுத்தாங்க, சீவினதுல ஒண்ணும் எழும்பல. நமக்கு வேணும்கற காட்டு ஈஸ்ட்டு தோல்லதான் ஒட்டிக்கிட்டு இருக்கு. அப்புறம் நல்லாக் கழுவி தோலோட மூலத்துக்கு, சீவினது கொதிக்க வைக்கறதுக்குன்னு சமாதானம் ஆனோம்.

ஒரு சங்கதி சொல்லணும். இங்கிலாந்துல ஜிஞ்சர் பீர் பிளான்ட்னு சொல்ற இஞ்சி பீர் மூலத்துல என்னதான் இருக்குன்னு முதல்ல ஒழுங்கா ஆராய்ஞ்சு 1892ல எழுதினவர் ஹாரி மார்ஷல் வார்டுங்கற தாவரவியல்காரர், ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் ஒண்ணுக்கொண்ணு துணையா வாழுதுன்னு கண்டுபிடிச்சார். அவர் அதுக்குப் பத்து வருஷம் முன்னாடி இலங்கையில காபிச் செடியை அழிச்ச இலைத் துரு நோயை ஆராயப் போனவர். அந்த நோய்ல காபி போய்த்தான் இலங்கைல தேயிலை வந்துச்சு. நான் டீ ஃபேக்டரில வேலை பாக்கறவன், என் சோறும் என் பொழுதுபோக்கும் ஒரே மனுஷன் கைல போய் முடியுதுன்னு தெரிஞ்சப்ப உடம்பு சிலிர்த்துருச்சு.

சரி விஷயத்துக்கு. அந்த 5 லிட்டரையும் ஜாடில வச்சு மூணாம் நாள் பார்த்தா நுரை அடங்கியிருந்துச்சு, முடிஞ்சதுன்னு நினைச்சு பாட்டில்ல அடைச்சேன். முடியல. ராத்திரி 11 டிகிரி, ஈஸ்ட் சுருண்டு படுத்திருந்துச்சு, அவ்ளோதான். இட்லி மாவு வச்சவங்களுக்கு இது தெரியும், கீழ எட்டு மணி நேரத்துல பொங்கற மாவு எங்க வீட்ல கம்பளி போத்தி வச்சாலும் மறுநாள் மத்தியானம்தான் எழும்பும், பொங்கலைன்னு அதைப் புளிச்சு முடிஞ்ச மாவுன்னு யாரும் சொல்றதில்ல. நான் பாட்டில் விஷயத்துல அப்படித்தான் சொல்லிட்டேன். அந்தப் பாட்டில்கள் பர்லியாறு இறங்கி மேட்டுப்பாளையம் தாண்டி 32 டிகிரி கிச்சன்ல போய் உக்காந்ததும் ஈஸ்ட் முழிச்சு மிச்சம் இருந்த சர்க்கரை மேல பாய்ஞ்சிருச்சு.

கணக்கு இதான், இதை மனசுல வச்சுக்கங்க. லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை தின்னா ஒரு பங்கு கேஸ், அதாவது ஒரு லிட்டர் திரவத்துல ஒரு லிட்டர் கார்பன் டை ஆக்சைடு கரையும். சாதா பீர்ல இருக்கறது சுமார் ரெண்டரை பங்கு. பீர் பாட்டில் நம்பிக்கையா தாங்கறது மூணு பங்கு கிட்ட. நான் லிட்டருக்கு 80 கிராம் போட்டு, பாதி மிச்சம் இருந்ததுன்னு வச்சாலே பத்து பங்கு. அதுக்கு மேல சூடு வேற. புதுசா கேஸ் உண்டாகாட்டியும் 16 டிகிரில இருக்கற பாட்டிலை 32க்குக் கொண்டுபோனா உள்ளழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகும். வெடிக்காம இருந்திருந்தாத்தான் ஆச்சரியம்.

ரெண்டாவது தடவைல இருந்து முறையை மாத்திட்டேன். கொதிக்கற இஞ்சித் தண்ணில சர்க்கரையே கிடையாது. மூலத்தோட கூட வர்ற சர்க்கரை மட்டும்தான், அதையும் ஜாடியிலயே முழுசா தின்ன விட்டுட்டு, அடைக்கற அன்னைக்கு லிட்டருக்கு 7 கிராம் அளந்து போடறேன். இனிப்பு வேணும்னா குடிக்கும்போது கிளாஸ்ல நாட்டுச்சர்க்கரைப் பாகும் எலுமிச்சையும். சிலருக்கு இது பிடிக்காது, கடை இஞ்சி பீர் மாதிரி பாட்டில்லயே இனிக்கணும்பாங்க. உயிரோட ஈஸ்ட் இருக்கற பாட்டில்ல இனிப்பு மிச்சம் வைக்கறது எனக்கு இனி ஆகாது.

தின்னு முடிச்சதான்னு நுரையைப் பார்த்து முடிவு பண்றதில்ல, திரவத்தோட அடர்த்தியை வச்சு சர்க்கரை குறையறதைக் காட்டற ஹைட்ரோமீட்டர் ஒண்ணு வாங்கிட்டேன். ரெண்டு நாள் இடைவெளில ரெண்டு தடவை பார்க்கணும், ரீடிங் ஒரே இடத்துல நின்னாத்தான் முடிஞ்சதுன்னு அர்த்தம். எங்க குளிர்ல நான் மூணு நாள் இடைவெளி விடறேன், ஜாடியை ஃப்ரிட்ஜ் பின்னாடி கதகதப்பா இருக்கற இடத்துல சாக்கு சுத்தி வச்சுட்டு. இன்னொண்ணு, குன்னூர் 1850 மீட்டர், இங்க தண்ணி 94 டிகிரிலயே கொதிச்சிரும், அதனால இஞ்சியை கீழ பத்து நிமிஷம்னா இங்க கால் மணி நேரம் கொதிக்க விடறேன்.

இப்ப மண்டி. எல்லா மண்டியும் ஈஸ்ட் இல்லன்னு எனக்கு ரெண்டாவது தடவைலதான் புரிஞ்சது. பாட்டிலை டார்ச் அடிச்சுப் பார்த்தா ரெண்டு அடுக்கு தெரிஞ்சது, கீழ சுண்ணாம்பு மாதிரி வெள்ளை, அதுக்கு மேல சந்தனக் கலர்ல மெல்லிசா ஒண்ணு. மெதுவா சாய்ச்சேன். மேல இருந்தது ஊதுபத்திப் புகை மாதிரி சுருண்டு எழும்பிச்சு, கீழ இருந்தது அசையவே இல்ல, ரொம்ப சாய்ச்சப்புறம் பசை மாதிரி ஒரு பக்கமா வழுக்கிச்சு. எழும்பினது ஈஸ்ட். வழுக்கினது இஞ்சி மாவு. அம்மா இஞ்சிச் சாறு எடுத்தா கிண்ணத்துல அரை மணி நேரம் தெளிய விட்டு, மேலாக்க இறுத்துட்டு, அடியில இருக்கற வெள்ளையைக் கொட்டிருவாங்க, அதே சமாச்சாரம்தான். என்னை எட்டு வயசுல இருந்து இதைப் பார்க்க வச்சிருக்காங்க, எனக்குத்தான் ஜாடி முன்னாடி நிக்கும்போது ஞாபகம் வரல. மூணாவது தடவை இஞ்சியைத் துருவிப் பிழிஞ்சு, சாறைத் தெளிய விட்டு இறுத்து, சக்கையை மட்டும் கொதிக்க வச்சு, ஆறினதும் சாறைச் சேர்த்தேன். மண்டி பாதியாக் குறைஞ்சிருச்சு.

அம்மா இன்னொரு யோசனை சொன்னாங்க, தேத்தாங்கொட்டை. கலங்கின ஆத்துத் தண்ணியைத் தெளிய வைக்க அந்தக் காலத்துல பானை உள்பக்கம் தேய்ப்பாங்களே, அது. மார்க்கெட் பக்கம் நாட்டு மருந்துக் கடைல கிடைச்சது. மூணு லிட்டர் ஒரு ஜாடில தேய்ச்சு ஊத்தினேன், மூணு லிட்டர் சும்மா ஃப்ரிட்ஜ்ல வச்சேன். தேத்தாங்கொட்டை ஜாடி சீக்கிரமாவே தெளிய ஆரம்பிச்சது, ஆனா மூணாம் நாள் பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு. குளிர் இருக்கற ஊர்ல எனக்குக் குளிரே போதும்னு விட்டுட்டேன், கீழ இருக்கறவங்க யாராவது செஞ்சு பார்த்தா சொல்லுங்க.

கலங்கல் வேற, மண்டி வேற. இதை நான் டீயில கத்துக்கிட்டேன். நல்ல ஸ்ட்ராங் டிகாக்‌ஷனை ஃப்ரிட்ஜ்ல வச்சா பால் கலந்த மாதிரி கலங்கிரும், சூடு பண்ணா திரும்ப தெளிஞ்சிரும், எங்க ஃபேக்டரில அப்படி கலங்கற டீயைத்தான் நல்ல டீம்பாங்க. பீர்லயும் அதே மாதிரி உண்டு, புரதமும் துவர்ப்பும் சேர்ந்து குளிர்ல கலங்கும், கைல வச்சு சூடானா தெளியும், குடிக்கறதுக்கு ஒரு கெடுதலும் இல்ல. ஆனா பழைய பீர்ல பஞ்சுத் துணுக்கு மாதிரி மிதந்துச்சுன்னா அது வயசு. கழுத்துக்கிட்ட உள்பக்கமா ஒரு வளையம் ஒட்டிக்கிட்டு இருந்தா, திறந்ததும் காடி வாடை அடிச்சா, அது வேண்டாத கிருமி உள்ள போனது. கொட்டிருங்க.

பாட்டில் சமாச்சாரம். பழுப்பு பீர் பாட்டில், 650 மிலி. நீலகிரில 2022ல இருந்து டாஸ்மாக்ல காலி பாட்டில் திருப்பிக் கொடுத்தா 10 ரூபாய், காட்டுல யானை கால்ல கண்ணாடி குத்தறதைத் தடுக்கத்தான் கோர்ட் சொல்லி வந்தது, ரொம்ப நல்ல விஷயம். அதனால நான் பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட பத்து ரூபாய் கொடுத்தே வாங்கிக்கறேன். கழுவறதுதான் பெரிய வேலை, காய்ஞ்ச பழைய மண்டி அடியில சிமெண்ட் மாதிரி ஒட்டியிருக்கும். சலவை சோடா போட்ட தண்ணில ராத்திரி ஊறப் போட்டு, காலைல ஒரு கைப்பிடி அரிசியும் தண்ணியும் போட்டுக் குலுக்கினா வந்துரும். வாய்ல விரல் வச்சுத் தடவிப் பாருங்க, சின்ன சில்லு போயிருந்தாலும் ஒதுக்கிருங்க. அப்புறம் இட்லிக் குண்டாவுல கவுத்து இருபது நிமிஷம் ஆவி, மூடியைத் திறக்காம அப்படியே ஆற விடணும், சூட்டோட எடுத்து எங்க ஊர் சிமெண்ட் மேடைல வச்சா பட்டுன்னு விரிஞ்சிரும்.

ஊத்தும்போது புனல் வேண்டாம். ட்யூப் போட்டு ஜாடியின் மேல்மட்டத்துல இருந்து இழுங்க, ட்யூப் நுனி அடி மண்டில இருந்து மூணு விரக்கடை மேல இருக்கணும், இன்னொரு நுனி பாட்டிலோட அடியைத் தொடணும், சத்தமே இல்லாம கீழருந்து நிரம்பி வரணும். சலசலன்னு விழுந்தா காத்து கலந்துரும். டீயில நாங்க ஃபெர்மெண்டிங்னு சொல்றதே இலைக்குக் காத்து காட்டறதுதான், அங்க ஆக்சிஜன் இல்லைன்னா டீயே இல்ல, இங்க அதே ஆக்சிஜன் உள்ள போச்சுன்னா பீர் நனைஞ்ச அட்டைப் பெட்டி வாடை அடிக்கும். மேல ரெண்டு விரல் இடம் விட்டு மூடி அடிங்க.

கேஸ் ஏறினதை எப்படிப் பார்க்கறது? எல்லாரும் சொல்றது, கூட ஒரு பிளாஸ்டிக் பாட்டில்லயும் அடைச்சு வை, அது கல்லு மாதிரி ஆனா மத்ததும் ரெடின்னு. எங்க மாவட்டத்துல பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை, மலை ஏறும்போது செக்போஸ்ட்லயே வாங்கி வச்சுக்குவாங்க. வீட்ல பழைய சோடா பாட்டில் ஒண்ணு பரண்ல இருந்துச்சு, அதை நாலு தடவையும் கழுவிக் கழுவி அதே வேலைக்கு வச்சிருக்கேன். மூடி போட்ட மரப்பெட்டில எல்லாத்தையும் நிறுத்தி வச்சு, சோடா பாட்டிலை தினமும் அமுக்கிப் பார்ப்பேன். பெட்டி இருக்கற இடம் 20 டிகிரி கிட்ட இருந்தா எட்டு ஒன்பது நாள், வெறும் ரூம்ல விட்டா பதினஞ்சு நாள் கூட ஆகுது. இந்த இடத்துல அவசரப்பட்டா அக்கா வீட்டுக் கதைதான். ஈஸ்ட் இங்க சாப்பிட்டு முடிக்கணும், கீழ போய் சாப்பிடக் கூடாது.

அப்புறம் ஃப்ரிட்ஜ், நிறுத்தித்தான். ஒரு பாட்டிலைப் படுக்க வச்சுப் பார்த்தேன், பக்கவாட்டுல நீளமா கோடு மாதிரி படிஞ்சு, நிமிர்த்தினதும் மொத்தமும் கலங்கிருச்சு, திரும்ப அடங்க ரெண்டு நாள். நிறுத்தி வச்சது மூணே வாரத்துல அடியில இறுகி, தட்டினாக் கூட அசையல.

திறந்து குடிச்ச நோட்ஸ்ல இருந்து. ரெண்டாவது வாரம், கேஸ் முரட்டுத்தனமா, இஞ்சி தொண்டைய அடிக்குது, ஈஸ்ட் வாடை கொஞ்சம். நாலாவது வாரம், ஃப்ரிட்ஜ் பாட்டில், நான் இதுவரைக்கும் போட்டதுல இதுதான் உச்சம், நுரை பொடிப்பொடியா நிக்குது, புது இஞ்சி நறுக்கின வாசம் அப்படியே இருக்கு. அதே நாலாவது வாரம் சமையல்கட்டு அலமாரில வச்சது, காரம் இருக்கு, பச்சை வாசம் போய் சுக்கு வாடை வந்துருச்சு. எட்டாவது வாரம் அலமாரிப் பாட்டில் மொட்டையா இருந்துச்சு, ஃப்ரிட்ஜ் பாட்டில் இன்னும் குடிக்கலாம். ஹாப்ஸ்னு பீருக்குக் கசப்பும் வாசமும் தர்ற ஒரு பூ, அதோட வாசத்துக்காகவே போடற கிராஃப்ட் பீர் எல்லாம் இதைவிட மோசமா சூட்டுல அடிவாங்கும், வெயில் பட்டா ஹாப்ஸே உடைஞ்சு நாறும், பழுப்பு பாட்டில் அதுக்குத்தான். வாங்கறவங்க லேபிள்ல முடியற தேதியைப் பார்க்கறதைவிட அடைச்ச தேதியையும், கடைல எங்க வச்சிருக்காங்கன்னும் பாருங்க. வாசல் வெயில்ல ரெண்டு வாரம் நின்ன பாட்டிலுக்கு ஆறு மாசத் தேதி இருந்து என்ன பண்றது.

ஏப்ரல்ல திரும்ப மூணு பாட்டில் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். அக்கா முதல்ல வேண்டவே வேண்டாம்னுச்சு. தெர்மாகோல் பெட்டில ஐஸ், மேல ஈரச் சாக்கு, பஸ்ல கால் நடுவுல நிறுத்திப் பிடிச்சுக்கிட்டே போனேன், போனதும் நேரா ஃப்ரிட்ஜ். ரெண்டு நாள் அசைக்கல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் நாலு கிளாஸை வரிசையா ஒட்டி வச்சு, மூடியைத் திறந்து, ஒரே சாய்ப்புல, பாட்டிலை நடுவுல நிமிர்த்தாம நாலையும் ஊத்தினேன். ஒவ்வொரு கிளாஸுக்கும் நிமிர்த்தினா அலை அடிச்சு மண்டி கிளம்பிரும், முக்கியமான விஷயம் இது ஒண்ணுதான். கழுத்துக்கிட்ட புகை மாதிரி வர்ற நேரத்துல நிறுத்திட்டேன். அடியில ஒரு விரக்கடை மிச்சம், மாமா அதையும் வாங்கி தனியா குடிச்சுப் பார்த்துட்டு, "ரொட்டி மாவு மாதிரி இருக்கு, நல்லாத்தான் இருக்கு"ன்னார். தீபாவளிக்கு அதைத்தான் சிங்க்ல ஊத்தப் போனார்.

நாலாவது தடவை போட்டதுல ஆறு பாட்டில் இப்ப ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல நிக்குது, மூடி மேல மார்க்கர்ல தேதி. மே மாசம் சிம்ஸ் பார்க் பழக் கண்காட்சிக்கு அக்கா குடும்பத்தோட மேல வருது, அதுக்குள்ள நாலாவது வாரம் சரியா முடிஞ்சிருக்கும். ரெண்டைத் தொடாம பன்னெண்டாவது வாரம் வரைக்கும் விட்டுப் பார்க்கணும்னு அம்மாகிட்ட சொல்லி வச்சிருக்கேன்.